கல் மேல் நின்ற ஜோங்கா

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும்போது பையன் பட்டாளத்தில் இருக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை. எந்த ரெஜிமென்ட் என்றுதான் கேட்பார்கள். வேலூரிலிருந்து கணியம்பாடி போகிற ரோட்டுக்கு இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட ஊர்கள். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். என் மாமனார் மெட்ராஸ் சாப்பர்ஸ். அந்தப் பிரிவுக்காரர்களைப் பட்டாளம் முழுக்க 'தம்பி' என்று கூப்பிடுவார்கள். தலை முழுக்க நரைத்த பிறகும் மாமா அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஈ.எம்.ஈ. சண்டை போடுகிறவர்களுடைய வண்டி, பீரங்கி, ரேடியோ எல்லாவற்றையும் பழுது பார்க்கிற பிரிவு அது, 1943-ல் ஏற்பட்டது. அங்கே சேருகிறவனைச் சிப்பாய் என்பதில்லை, கிராஃப்ட்ஸ்மேன் என்பார்கள். 1994-ல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. "துப்பாக்கியத் திருப்பிக் குடுத்துட்டு வந்தாலும் கையில ஸ்பேனர் இருக்கும்" என்றார்.

1997-ல் வருஷ லீவில் வந்தவர், வந்த நாலாம் நாள் ஆற்காட்டுப் பக்கம் ஓர் அரிசி ஆலை வரைக்கும் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாயங்காலம் ஒரு டிராக்டர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. சங்கிலி கட்டி அது இழுத்து வந்த பொருளை வண்டி என்று சொல்ல முதலில் எனக்கு வாய் வரவில்லை. சிவப்புப் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. பானெட்டுக்குள் வேப்பஞ்சருகு. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. தரைத் தகடு துருவேறி ஓட்டையாகி, உட்கார்ந்தால் தெரு தெரிந்தது. விலை 28,000 ரூபாய். அன்றைய நிலவரத்துக்கு ஏழெட்டு சவரன் நகை. அத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எருமைய வாங்கியிருந்தா பாலாவது கறக்குமேடா!"

அதுதான் ஜோங்கா. இந்தியச் சாலைகளில் ஜீப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஜீப்பின் பெரியண்ணன் மாதிரி தோன்றும். உண்மையில் வேறு வம்சம். நிஸ்ஸான் பேட்ரோல் என்ற ஜப்பான் வண்டியை உரிமம் பெற்று ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்தார்கள். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை தொடங்கிய 1969-லிருந்து அங்கே உருவான வண்டி. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி என்ற நீளமான பெயரின் எழுத்துகளைக் கோத்து ஜோங்கா என்று வைத்தார்கள். 3,956 சி.சி., ஆறு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின். நாலு சக்கரமும் இழுக்கும். ஆம்புலன்ஸாக ஓடியது, அதிகாரிகளைச் சுமந்தது, 106 மில்லிமீட்டர் பீரங்கியை முதுகில் ஏற்றிக்கொண்டு டாங்கிகளை எதிர்த்து நிற்கவும் தயாராக இருந்தது. தொண்ணூறுகளில் மாருதி ஜிப்ஸி வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கண்டம் என்று ஒதுக்கிய ஜோங்காக்கள் ஏலத்துக்குப் போயின. எங்களுடையதை அதற்கும் முன்பே, எண்பதுகளிலேயே அந்த அரிசி ஆலைக்காரர் ஏலத்தில் எடுத்து, சிவப்படித்து, மூட்டை ஏற்றி ஓட்டியிருக்கிறார். பெட்ரோல் செலவு தாங்காமல் ஆலைக்குப் பின்னால் தள்ளிவிட்டு மறந்துவிட்டார். நிறைய பேர் இந்த எஞ்சினை எடுத்தெறிந்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்துக்கொண்டார்கள். ஆலைக்காரருடைய சோம்பேறித்தனம்தான் எங்கள் வண்டியின் எஞ்சினைக் காப்பாற்றியது.

எதற்கு இது என்று அன்று ராத்திரி கேட்டேன். சேர்ந்த புதிதில் லே-யில் இருந்தபோது உஸ்தாத் துணையில்லாமல் தனியாகப் பிரித்துப் பூட்டிய முதல் எஞ்சின் இந்த ரகம்தான் என்றார். அவ்வளவுதான் பதில். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் விளக்கம் சொன்னதில்லை. பட்டாளத்து ஆண்களிடம் காரணம் கேட்டு வாங்குவது, கேன்டீனில் கோட்டாவுக்கு மேல் சரக்கு கேட்பதற்குச் சமம்.

ஜவானுக்கு வருஷ லீவு அறுபது நாள், கேஷுவல் லீவு முப்பது. காகிதத்தில் பார்த்தால் தாராளம். அதில் ரயில் தின்பது போக, ஊர்த் திருவிழா, தங்கை வீட்டுச் சீர், சாவு, நிலத் தகராறு, பிள்ளைக்குக் காது குத்து, எல்லாம் அந்த லீவுக்காகவே காத்துக்கொண்டிருக்கும். ஜம்முவிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் பிடித்துக் காட்பாடியில் இறங்குவார். உடம்பிலிருந்து ரயில் அழுக்குப் போவதற்குள் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். முதல் லீவு முழுக்க அப்படியே போனது. எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக் ஓட்டைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறப்போட்டு, தினம் ஒரு முறை ஹேண்டிலைப் போட்டு அசைத்துப் பார்ப்பார். ஒரு நாள் விடிகாலையில் நூலளவு அசைந்தது. அதைச் சொல்ல என்னை எழுப்பினார். பல் தேய்க்காமல் வந்து நின்று, ஒரு மனிதன் இரும்பு நகர்ந்ததற்காகச் சிரிப்பதைப் பார்த்தேன். கோபம்தான் வந்தது. அன்றைக்கே சட்டம் போட்டேன்: காலைச் சாப்பாடு வரைக்கும் வண்டி, அதற்குப் பிறகு வீடு. "யெஸ் சாப்" என்று சல்யூட் அடித்தார். சட்டம் பாதி நாள் செல்லுபடியானது.

அவர் இல்லாத மாதங்களுக்கு ஒரு ஆள் வேண்டும் என்பதால் பாயைப் பிடித்து வைத்தார். வேலூர் பைபாஸ் ஓரத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக். பழைய அம்பாசடர், லாரி எஞ்சின் எல்லாம் அவருக்குக் கைப்பாடம். ஜோங்காவை முதலில் பார்த்தபோது சுற்றிச் சுற்றி வந்து, டயரைத் தட்டி, கடைசியில் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, இது வண்டி இல்ல, வேண்டுதல்." கூலியாகப் பணம் மட்டும்தான் வாங்குவார். டிங்கர் வேலைக்காரர் மட்டும் கேன்டீன் ரம்மையும் ஒரு கணக்காக எதிர்பார்ப்பார்.

1998 நவம்பரில் மகன் பிறந்தான். ஜனவரியில் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மே மாதம் கார்கில்.

இந்த நாடு போட்ட சண்டைகளில், வீட்டுக்குள் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்த முதல் போர் அது. பார்க்காதவர்களுக்கு அது நல்லதாக இருந்திருக்கும். திருச்சி மேஜர் சரவணன் மே 29-ல் படாலிக் பகுதியில் விழுந்தார். ஒரு மாதத்துக்கு மேல் அவர் உடலை மலையிலிருந்து மீட்க முடியவில்லை. தினம் செய்தியில் அவர் பெயர் வரும்போது எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்படிச் சத்தம் கேட்காது. தோலோலிங் கைக்கு வந்தது ஜூன் 13, டைகர் ஹில் ஜூலை 4. இந்தத் தேதிகளை நான் எந்தப் பரீட்சைக்கும் படித்ததில்லை.

அவரிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வரும். முகவரியில் 56 ஏ.பி.ஓ. என்பதைத் தவிர இடம் எதுவும் இருக்காது. பிரித்தால் முழுக்க வண்டி. மழை வருமுன் தார்ப்பாயைக் கல் வைத்துக் கட்டு. கார்பரேட்டர் வாயைத் துணியால் அடை. சக்கரம் நாலையும் தரையில் விடாதே, ஆக்சிலுக்குக் கீழே கல் கொடுத்தது நகர்ந்துவிட்டதா பார். அப்புறம் ஒரு கடிதத்தில் நீளமான உத்தரவு: பிளக் ஆறையும் கழற்றி, ஓட்டைக்கு ரெண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி, வாரம் ரெண்டு தடவை ஹேண்டிலைப் போட்டுச் சுற்று, இல்லையென்றால் பிஸ்டன் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரலோடு ஒரே பக்கமாக வை, வளைத்துப் பிடிக்காதே. எஞ்சின் எதிர்த்து அடித்தால் விரல் முறியும்.

தூளியில் பிள்ளையைப் போட்டுவிட்டு, மாமாவைப் பிளக் ஸ்பேனர் பிடிக்கச் சொல்லி, சுற்றினேன். முதலில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பிறகு பழகியது. ஆறு ஓட்டையிலிருந்தும் புஸ் புஸ்ஸென்று காற்று வரும், கொஞ்சம் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். மூத்தவளான மகளுக்கு அதுதான் விளையாட்டு. வாரம் ரெண்டு தடவை என்று எழுதியிருந்ததை நான் தினமும் செய்தேன். டி.வி. செய்தி முடிந்ததும் எழுந்துபோய்ச் சுற்றிவிட்டு வந்தால்தான் சோறு இறங்கியது. கட்டை விரலை அவர் சொன்ன மாதிரியே வைத்திருந்தேன். பல மாதம் கழித்து பாய் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிளக்கு கழட்டின எஞ்சின் எங்கம்மா எதிர்த்து அடிக்கும்? உள்ள அழுத்தமே இல்லியே." அது என் வீட்டுக்காரருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?

ஜூலை 26-ல் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். லீவு கிடைத்து வந்தபோது அவர் மெலிந்து, காது கொஞ்சம் மந்தமாகி இருந்தார். திராஸ் ரோட்டில் ராத்திரி விளக்குப் போடாமல் லாரிகள் போகும் என்றும், நின்றுபோன லாரியைக் கையால் தடவித் தடவியே சரிசெய்ய வேண்டியிருந்தது என்றும் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டு போனதும் பேச்சு கார்பரேட்டருக்குத் தாவியது. லே மாதிரி உயரத்தில் காற்று மெலிதாகி, பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கறுத்துப் போகுமாம். மாமா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எஞ்சினை முழுசாகப் பிரித்தது 2001 வருஷக் கடைசியில். நல்ல நாள் பார்த்து, பாயும் அவரும் சேர்ந்து இறக்கினார்கள். திண்ணை முழுக்க இரும்பு. டிசம்பர் 13-ல் பாராளுமன்றத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது; பராக்கிரம் என்ற பெயரில் படைகள் எல்லைக்கு நகர்ந்தன; லீவில் இருந்தவர்களுக்கெல்லாம் உடனே திரும்பச் சொல்லி உத்தரவு. கை கழுவி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்பாடிக்குப் போனார். திண்ணையில் கிடந்த எஞ்சின் அப்படியே கிடந்தது. 2002 அக்டோபரில்தான் படைகளைத் திருப்பிக் கூப்பிட்டார்கள், அதற்குப் பிறகும் எங்கள் முறை வரக் காத்திருக்க வேண்டியிருந்தது.

கோழி மிதிக்கிறது, பிள்ளைகள் நட்டை எடுத்துப் பாண்டி ஆடுகிறார்கள். பாயை வரச் சொல்லி, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினோம். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போல்ட்டும் வாஷரும், மேலே சீட்டு. புஷ் ராடு என்று நீளக் கம்பிகள் பன்னிரண்டு. எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதிலேயே திரும்பப் போக வேண்டும் என்றார் பாய். செருப்பு டப்பா மூடியில் பன்னிரண்டு ஓட்டை போட்டு, எண் எழுதி, செருகி வைத்தேன். மகளுடைய பழைய நோட்டில் ஒவ்வொரு சாமானையும் படம் வரைந்தேன். அந்த நோட்டுதான் பிறகு எஞ்சினைப் பூட்டும்போது வேதமாக இருந்தது. சர்வீஸ் புத்தகத்தைவிட என் படம் தெளிவு என்று பாய் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

எஞ்சின் இல்லாத அந்த வருஷத்தில்தான் மாமா வண்டிக்குக் குடிபோனார். 'இந்த வயசுல இது தேவையா' என்று முதலிலிருந்தே முணுமுணுத்தவர், தினத்தந்தியை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்காருவார். புதுச் சாக்கு விரித்து எலி நாற்றத்தைப் போக்கிக்கொண்டார். ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேப்பரை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, கிளட்ச் மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுக்கொண்டிருந்தார். திருப்பத்தில் ஸ்டீரிங்கைக்கூட ஒடித்தார். எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாரோ. நான் சத்தம் காட்டாமல் உள்ளே வந்துவிட்டேன்.

2003 லீவுக்கு டெல்லி வழியாக வந்தார். காஷ்மீரி கேட் கடைகளில் அலைந்து வாங்கிய ஓவர்சைஸ் பிஸ்டன்கள் ஆறும், ராணுவக் கம்பளிக் காலுறை ஆறில், டிரங்குப் பெட்டியில் வந்தன. எனக்குப் புடவை பையின் வெளி அறையில் இருந்தது. ராணிப்பேட்டையில் ஒரு லேத்தில் சிலிண்டரை ரீபோர் செய்து, பாயும் அவரும் பூட்டினார்கள். ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நாலு. சிலிண்டர்கள் தீப்பிடிக்க வேண்டிய வரிசை அது; டிஸ்ட்ரிபியூட்டர் வயரை அந்த முறையில் மாட்ட வேண்டும். அப்பா சொல்லச் சொல்ல மகள் அதை மனப்பாடம் செய்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னபோது அதை ஒப்பித்துவிட்டு வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடன் வாங்கிய பேட்டரியை வைத்து, பெட்ரோல் பாட்டிலைக் கயிற்றில் தொங்கவிட்டு, செல்ஃப் அடித்தார். இருமியது. மறுபடி அடித்தார். சைலன்சர் இன்னும் மாட்டவில்லை. பிடித்துக்கொண்டபோது எழுந்த சத்தத்தில் மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, எதிர் வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது, தெருவே புகைக்குள் மறைந்தது. மாமா எழுந்து நின்றார். ஏதோ அதிகாரி வந்துவிட்டமாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பாட்டில் பெட்ரோல் தீரும் வரைக்கும் யாரும் அசையவில்லை.

அந்த வருஷமே ஜபல்பூருக்கு போஸ்டிங் வந்தது. குடும்பத்தோடு இருக்கலாம், குவாட்டர்ஸ் கிடைக்கும். நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பட்டாளத்தான் மனைவி வேலையில் நிலைப்பதைப் பற்றி யாரும் கணக்கெடுப்பதில்லை, எடுத்தால் நல்லது. திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார்.

ஆனாலும் ஜபல்பூரைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வருவார் என்பதை அங்கேதான் முதலில் அனுபவித்தேன். அது கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது. கேந்திரிய வித்யாலயாவில் பிள்ளைகள் இந்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை பேடாகாட் சலவைக்கல் பாறைகளைப் பார்க்கப் போவோம், வரும் வழியில் வாகனத் தொழிற்சாலைப் பக்கமாக ஸ்கூட்டரைத் திருப்புவார். "நம்ம வண்டியோட பொறந்த ஊடு" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார். உள்ளே ஜோங்கா செய்வதை 1999-லேயே நிறுத்திவிட்டார்கள். டீசல் எஞ்சின் போட்டுப் பொதுமக்களுக்கு விற்றுப் பார்த்த முயற்சியும் அதிகம் போகவில்லை. ஆனால் ஊரெங்கும் பழைய இரும்புக் கடைகளில் அதன் எலும்புகள் கிடந்தன. மீட்டர் பலகை, டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்சக்கரம், கதவுக் கைப்பிடி, உள்ளங்கை அகல விளக்குகள். மார்க்கெட்டுக்குப் போனால் நான் காய்கறி, அவர் காயலாங்கடை. அங்கேதான் ஈ.எம்.ஈ. விழாவில் அந்தப் புகழ்பெற்ற வித்தையையும் பார்த்தேன்: ஒரு ஜீப்பை ஓட்டி வந்து, கண் முன்னாலேயே துண்டு துண்டாகப் பிரித்து, சில நிமிடத்தில் பூட்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கவனமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்து மாமா கடிதம் போடுவார். வண்டி நலம், கோழி பின்சீட்டில் முட்டையிட்டது, தார்ப்பாய் கிழிசல். 2006-ல் மாமா காலமானார். தகவல் கிடைத்துச் சங்கமித்ரா எக்ஸ்பிரஸில் ஏறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அத்தை அந்தச் சீட்டுச் சாக்கை எடுக்க யாரையும் விடவில்லை.

2010-ல் ஹவில்தாராக 24 வருஷ சர்வீஸை முடித்துக்கொண்டு வந்தார். எல்லாரும் இனி நிம்மதி என்றார்கள். பட்டாளத்தான் வீடு திரும்பிய முதல் வருஷத்தைப் பற்றித் தெரியாதவர்கள் சொல்வது அது. விடிகாலை ஐந்துக்கு எழுந்து கொல்லையில் நடப்பார். டம்ளர்கள் ஏன் ஒரே வரிசையில் இல்லை என்பார். மகள் எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று ரெஜிஸ்டர் வைக்காத குறை. அவர் இல்லாமல் நாங்கள் நடத்தப் பழகிய வீட்டில் அவருக்கு எந்த வேலையும் மிச்சமில்லை. ஒரு வங்கியில் காவலர் வேலை கிடைத்தது, அது பகல். மற்ற நேரத்துக்கு ஜோங்கா இருந்தது. ஒரு நாள் டம்ளர் வரிசையைப் பற்றி அவர் வாயெடுத்ததும் மகள் சொன்னாள், "அப்பா, போய் வண்டியப் பாருங்க." போனார்.

பாடியைச் சுரண்டியபோது ஒன்று கிடைத்தது. ஆலைக்காரரின் சிவப்புக்கு அடியில் ராணுவப் பச்சை, பானெட் ஓரத்தில் மங்கலாக மேல்நோக்கிய அம்பு, பக்கத்தில் 74. ராணுவ வண்டி எண்கள் அந்த அம்பில் தொடங்கும், அடுத்த இரண்டு எண் வாங்கிய வருஷம். 1974-ல் பட்டாளத்துக்கு வந்த வண்டி. என்னைவிட ஒரு வயது இளையது. தரைத் தகடு முழுக்க வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்தார்கள். வீல் சிலிண்டர், பிரேக் லைனிங், வயரிங் எல்லாம் மாறின. ஸ்பிரிங் பட்டாக்களைக் கழற்றிக் கொல்லனிடம் வளைவு ஏற்றினார்கள். இதெல்லாம் பொறுமையான, எழுதச் சுவாரஸ்யமில்லாத வேலை. பணம் மட்டும் சுவாரஸ்யமாகப் போனது.

கடைசியில் நின்றது பெயின்ட். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, ராணுவ வண்டியைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. அவருக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் கலர் அட்டையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் மஞ்சள் கூடிய பச்சை, கொஞ்சம் நீலம் கூடிய பச்சை என்று விதியின் விளிம்பில் நடந்து பார்த்தார். எஃப்.சி.க்குப் போகும்போது எவனாவது கேள்வி கேட்பான் என்று நான் சொன்னேன். அத்தை பழைய சிவப்பே மங்கலகரம் என்றார். மகன் கறுப்பு. பாய் வெள்ளை, வெயிலுக்கு நல்லது. ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள்தான் முடித்து வைத்தாள். "இருபத்திநாலு வருஷம் பச்சையில இருந்தீங்கப்பா. அதுவும் இருந்துச்சு. ரெண்டு பேரும் ரிடையர்டு. சாம்பல் அடிங்க." அடித்தார். டேஷ்போர்டுக்கு அடியிலும் டூல் பெட்டிக்குள்ளும் மட்டும் பழைய பச்சையைத் தொடாமல் விட்டுவிட்டார். எஃப்.சி. பார்க்க வந்தவர் குனிந்து அங்கே பார்க்கவில்லை.

2012-ல் ஆர்.சி. புதுப்பித்துக் கைக்கு வந்ததும் அமிர்தி வழியாக ஜவ்வாது மலைக்குப் போனோம். முன்னால் அவரும் அத்தையும், பின்னால் நாங்கள் மூவரும் பாயும். பவர் ஸ்டீரிங் கிடையாது, ஏ.சி. கிடையாது, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. மழை அறுத்துப்போட்ட மண் பாதையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கம்பியைத் தள்ளி நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டபோது, வண்டி அவசரமே படாமல் ஒவ்வொரு கல்லாகத் தாண்டியது. அத்தை முருகா முருகா என்று கம்பியைப் பிடித்திருந்தார். நம்மியம்பட்டுக்கு மேலே நிறுத்தி, கட்டுச் சோற்றைப் பிரித்தோம். அங்கே வைத்துத்தான் நான் ஓட்டக் கற்றுக்கொள்ளப்போகிறேன் என்று அறிவித்தேன். கனமான வண்டி, உன்னால் முடியாது என்றார். இதே எஞ்சினை நான் கையாலேயே சுற்றியிருக்கிறேன் என்றேன். பாய் வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறினார். இப்போது வேலூர் காந்தி ரோடு நெரிசலைத் தவிர எங்கேயும் நான் ஓட்டுவேன்.

2021-ல் ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்குப் புராதன வாகனம் என்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். புதிதாகப் பதிந்தால் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும், 20,000 ரூபாய் கட்டணம். 1974-ல் பிறந்த எங்கள் வண்டி இப்போது அதற்குத் தகுதி. அந்த அந்தஸ்து வாங்கினால் வழக்கமான ஓட்டத்துக்கு ரோட்டில் விடக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றால் மட்டும் எடுக்கலாம் என்று விதி. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். "பென்ஷன் குடுத்து ஊட்டுல உக்கார வெக்கறதுக்கா இவ்ளோ பண்ணேன்?" என்றார்.

மகன் பட்டாளத்துக்குப் போகவில்லை. ஓசூர்ப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன், பெட்ரோல் பங்க் பில்லைப் பார்த்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூடத் தேறாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்துவிடலாம், ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று சாப்பிடும்போது சொன்னான். அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். மறுநாளும் அவனோடு பேசவில்லை. கொல்லைப் பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டுக்கு ஃபீலர் கேஜால் இடைவெளி பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் என்னிடம் வந்து, "நீயாவது சொல்லும்மா" என்றான். ஹேண்டில் சுற்ற வேண்டியிருக்காது, பிளக் கழற்ற வேண்டியிருக்காது, அதனால் எனக்குச் சம்மதம்தான். அதை அவரிடம் யார் சொல்வது என்பதில்தான் தகராறு.